தாடையில் பரு, வகிட்டில் வெற்றிடம்: ஆயுர்வேதம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஏன்?

இருபதுகளில் இருக்கும் பெண்கள் பலருக்கு இரண்டு தொல்லைகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. தாடையோரத்திலும் முகவாயிலும் ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கும் பரு ஒன்று. சீவும்போதெல்லாம் கொத்தாகக் கையோடு வரும் முடி இன்னொன்று. பருவுக்கு ஒரு களிம்பு, முடிக்கு ஒரு எண்ணெய் என்று தனித்தனியாக வாங்கிச் சலித்த பிறகு, ஆயுர்வேதத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். கிடைப்பது என்னவோ இன்னொரு களிம்பும் இன்னொரு எண்ணெயும்தான். லேபிளில் மட்டும் மூலிகைப் படம் இருக்கும்.

ஒரு நல்ல ஆயுர்வேத மருத்துவரிடம் போனால் அவர் முகத்தைப் பார்த்த கையோடு மருந்து எழுத மாட்டார். பசி எப்படி, மலம் தினமும் போகிறதா, இரவு எத்தனை மணிக்குத் தூக்கம், மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார். பருவுக்கும் மலச்சிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சல்கூட வரலாம். அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது புரிந்தால், எந்த மருந்து யாருக்கு ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

கொஞ்சம் அடிப்படை

ஆயுர்வேதத்தின் கணக்கில் உடம்பை நடத்துபவை மூன்று. அசைவும் வறட்சியும் வாதத்தின் வேலை. சூடு, செரிமானம், நிறம் ஆகியவை பித்தத்தின் பொறுப்பு. கனம், பிசுபிசுப்பு, ஈரம், வளர்ச்சி ஆகியவை கபத்தைச் சேர்ந்தவை. ரத்தப் பரிசோதனையில் அளந்து பார்க்கக்கூடிய பொருள்களாக இவற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பில் தெரியும் குணங்களைத் தொகுத்து யோசிக்க உதவும் ஒரு முறை என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது தாதுக்கள், அதாவது உடம்பைக் கட்டி நிறுத்தும் அடுக்குகள். சாப்பிட்ட உணவு செரித்து முதலில் ரசம் ஆகிறது. அதிலிருந்து ரத்தம், பிறகு மாமிசம், மேதஸ் என்னும் கொழுப்பு, அஸ்தி என்னும் எலும்பு, மஜ்ஜை, சுக்கிரம் என்னும் இனப்பெருக்கத் தாது என்று ஏழு தாதுக்கள் வரிசையாக உருவாகின்றன. ஒவ்வொன்றும் உருவாகும்போது ஒரு கழிவும் வெளிப்படும். முடி எலும்புத் தாதுவின் கழிவு என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. இன்றைய உடலியல் இதை ஏற்காது. ஆனால் இதற்குள் இருக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். முடி வரிசையின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது. செரிமானத்திலோ ரத்தத்திலோ கோளாறு இருந்தால், தலையில் எதைத் தடவினாலும் முடிக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது. அதனால்தான் பசியைப் பற்றிய கேள்வி முதலில் வருகிறது. செரிமான நெருப்பு மந்தமாகி, அரைகுறையாகச் செரித்து உடம்பில் தங்குவதை ஆமம் என்பார்கள். நாக்கில் வெள்ளைப் படிவு, சாப்பிட்ட பிறகும் நீங்காத கனம், காலையில் எழும்போதே அசதி இவையெல்லாம் ஆமத்தின் அடையாளங்கள்.

(சித்த மருத்துவமும் வாதம், பித்தம், கபம் பேசும். ஆனால் அதன் நூல்களும் மருந்து முறைகளும் வேறு. இங்கே ஆயுர்வேதம் மட்டும்.)

பரு: எல்லாமே உஷ்ணம்தானா?

இன்னொரு பழைய நூலான சுஸ்ருத சம்ஹிதையில் க்ஷுத்ர ரோகங்கள், அதாவது சிறு நோய்கள் என்று ஒரு வரிசை உண்டு. அதில் இளம் வயதினரின் முகத்தில் இலவ மரத்து முள்ளைப் போல் எழும் கட்டிகளுக்கு முகதூஷிகா என்று பெயர். யுவானபிடகா என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. காரணமாகச் சுஸ்ருதர் சொல்வது கபம், வாதம், ரத்தம். பின்னால் வந்த வாக்படர், இந்தக் கட்டிகளின் உள்ளே கொழுப்பு இருக்கும் என்றும் சேர்க்கிறார்.

இந்தப் பட்டியலில் பித்தத்தின் பெயர் நேரடியாக இல்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பரு என்றாலே ‘உடம்புச் சூடு’ என்று முடிவுகட்டி, குளிர்ச்சியானதாகத் தேடித் தேடிச் சாப்பிடுகிறோம். ரத்தமும் பித்தமும் ஒன்றையொன்று அண்டி நிற்பவை என்பதால், சிவந்து எரியும் பருவில் பித்தம் இருப்பதாகவே மருத்துவர்கள் கொள்வார்கள். அது சரிதான். ஆனால் எண்ணெய் வழியும் சருமம், தோலுக்கடியில் உருண்டையாகக் கிடந்து வாரக்கணக்கில் பழுக்காத கட்டி, கூடவே மந்தமான பசி, ஏறும் எடை என்று இருப்பவருக்குக் கபம்தான் முன்னால் நிற்கிறது. அவர் குளிர்ச்சி என்று நினைத்துத் தயிரும் பாலும் இனிப்பும் சேர்த்துக்கொண்டால் கபத்துக்கு இன்னும் தீனி போட்ட மாதிரிதான்.

நவீன மருத்துவம் இதே பருவை இப்படி விளக்குகிறது. ஆண்ட்ரஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. இறந்த தோல் செல்கள் துளையை அடைக்கின்றன. உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிரி பெருகுகிறது. அழற்சி உண்டாகிறது. கொழுப்பு, அடைப்பு, கெட்டுப்போன ரத்தம் என்ற பழைய சித்திரத்தோடு இதை ஒட்டவைத்து ‘அன்றே சொன்னார்கள்’ என்று கொண்டாடத் தேவையில்லை. இரண்டு தரப்பும் தோலின் மேற்பரப்பில் நின்றுவிடாமல் உள்ளே தேடுகின்றன, அவ்வளவுதான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். சுஸ்ருதர் இந்தப் பருவுக்கு முதலில் சொல்வது வமனம், அதாவது மருந்து கொடுத்து வாந்தி எடுக்கவைத்துக் கபத்தை வெளியேற்றுவது. மருத்துவமனையில் பல நாள் தயாரிப்போடு, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய சிகிச்சை அது. உப்புத் தண்ணீர் குடித்து வீட்டில் வாந்தி எடுப்பது வமனம் ஆகாது. ரத்தத்தில் உப்புச் சமநிலை குலைந்து ஆபத்தில் முடியலாம். பித்தம் மிகுந்திருந்தால் விரேசனம் என்னும் பேதி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் வீக்கத்துக்கு அட்டை விட்டு ரத்தம் எடுப்பது என்றும் வழிகள் உண்டு. இவை எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலோருக்கு மருத்துவர்கள் உள்மருந்தில்தான் தொடங்குகிறார்கள். மஞ்சிஷ்டை, நன்னாரி, வேம்பு, திரிபலா போன்றவை அடங்கிய கஷாயங்கள், சாரிபாத்யாசவம், கதிராரிஷ்டம் ஆகியவை அடிக்கடி எழுதப்படுபவை.

வெளிப்பூச்சில் பழைய, எளிய சேர்க்கை ஒன்று இருக்கிறது: வெள்ளிலோத்திரப் பட்டை, கொத்தமல்லி விதை, வசம்பு. மூன்றையும் அரைத்துப் போடும் லேபம் இது. தேர்வைப் பாருங்கள், எண்ணெயே இல்லை. கசப்பும் துவர்ப்புமாகப் பிசுபிசுப்பை உறிஞ்சும் பொருள்கள். ஆனால் இன்று பருவுக்கென்று அதிகம் விற்கும் குங்குமாதி தைலம் நல்லெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. வறண்ட முகத்துக்கும் நிறம் மங்கிய இடத்துக்கும் அது பொருந்தலாம். சீழ்க்கட்டிகள் நிறைந்த எண்ணெய் முகத்தில் அதை இரவெல்லாம் பூசி வைப்பதில் அர்த்தம் இல்லை.

லேபம் போடுகிறவர்கள் பலரும் மறந்துவிடும் விதி ஒன்றும் உண்டு. முகத்தில் போட்ட பூச்சு காய்ந்து இறுகும்வரை விடக்கூடாது என்று வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. காய்ந்துவிட்டால் தோலின் பொலிவைக் கெடுக்குமாம். நனைத்து மென்மையாக்கித்தான் எடுக்க வேண்டும். முகம் விறைத்து வெடிப்பு விழும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு உரித்து எடுப்பது நாமாகக் கண்டுபிடித்தது.

முடி: விழுவது ஒன்று, முளைக்காமல் போவது வேறு

முடி உதிர்வைச் சுஸ்ருதர் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார். முதலில் பித்தம் வாதத்தோடு சேர்ந்து முடியின் வேர்க்கால்களுக்குள் புகுந்து முடியை உதிர்க்கிறது. பிறகு கபமும் ரத்தமும் அந்தத் துளைகளை அடைத்துவிடுகின்றன, புதிய முடி முளைப்பதில்லை. இந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கும். சிகிச்சைக்கு வருகிறவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்ற கேள்வியை இது கட்டாயமாக்குகிறது.

நவீன மருத்துவத்திலும் அந்தக் கேள்வி உண்டு. தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்கள் அடங்கி, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் இருந்து விழுகிறது. நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினிபோல் இருந்து எடை குறைத்தது, இப்படி ஏதாவது நடந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், 2 அல்லது 3 மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். பயமாக இருக்கும், ஆனால் காரணம் விலகியதும் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இன்னொரு வகை வேறு மாதிரி. கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்பைவிட மெலிந்து முளைக்கும். நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகும். இது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த விஷயம். இதை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும்.

முதல் வகையில் விழுந்த முடி தானாகத் திரும்பி வரும் வேளையில் எந்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ‘மூன்று மாதத்தில் பலன்’ என்ற விளம்பரங்கள் பல இந்தக் கணக்கில்தான் ஜெயிக்கின்றன.

உணவைப் பற்றிச் சரகர் சொன்ன ஒன்று கவனிக்கத் தக்கது. திப்பிலி, க்ஷாரம் (மூலிகைச் சாம்பலிலிருந்து எடுப்பது), உப்பு இந்த மூன்றையும் அளவுக்கு மீறித் தொடர்ந்து உண்ணக்கூடாது என்கிறார். உப்பு மிகுந்தால் வழுக்கை, நரை, அகாலச் சுருக்கம் வரும் என்பது அவர் கணிப்பு. கோபம், துக்கம், உடல் உழைப்பின் களைப்பு ஆகியவற்றால் எழும் சூடு தலைக்கேறி முடியை நரைக்க வைக்கிறது என்று சுஸ்ருதரும் எழுதுகிறார். தூக்கமும் மனமும் இந்த மருத்துவத்தில் ஏன் விசாரணைக்கு வருகின்றன என்பதற்கு இது போதும்.

முடிக்கான மருந்துகளில் கரிசலாங்கண்ணிக்குத்தான் முதலிடம். அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் நீலிபிருங்காதி தைலம் பரவலாகத் தெரிந்தது. மூக்கில் மருந்துத் துளி விடும் நஸ்யமும் தலை நோய்களுக்கான சிகிச்சை. உள்ளுக்கு நெய்யும் பாலும் சேர்ந்த லேகியங்கள், ரசாயனம் என்று ஆயுர்வேதம் அழைக்கும் ஊட்ட மருந்துகள் கொடுப்பதும் உண்டு.

இரண்டும் மோதும் இடம்

இங்கேதான் சிக்கல். முடிக்கு நல்லது என்று தினமும் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொள்கிறீர்கள். அது நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் இறங்கித் துளைகளை அடைக்கிறது. நெற்றி மேட்டில் மயிர்க்கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னதாகப் பரு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலை எண்ணெயைத்தான். பொடுகு இருந்தால் இன்னும் மோசம். பொடுகில் பங்குள்ள மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் வைக்க வைக்க அதற்குக் கொண்டாட்டம்.

எண்ணெயை இவ்வளவு போற்றும் ஆயுர்வேதமே இதற்குத் தடையும் போட்டிருக்கிறது. கபம் மிகுந்தவர், அஜீரணத்தில் இருப்பவர், அப்போதுதான் வமனம் விரேசனம் முடித்தவர் ஆகியோருக்கு எண்ணெய் தேய்ப்பு கூடாது என்பது அஷ்டாங்க ஹிருதயத்தின் விதி. ஆகவே முகத்தில் கபப் பரு நிறைந்திருக்கும்போது முடிக்காகத் தலையை எண்ணெயில் குளிப்பாட்டுவது ஆயுர்வேத முறைப்படியே தவறு. வேண்டுமானால் வாரம் ஓரிரு முறை குளிக்கும் முன் உச்சந்தலையில் மட்டும் கொஞ்சமாகத் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் அலசிவிடலாம். எண்ணெயோடு தூங்குவதையும் எண்ணெய் படிந்த தலையணை உறையில் முகம் வைப்பதையும் நிறுத்தினாலே நெற்றிப் பரு பலருக்குக் குறையும்.

லேகியத்துக்கும் இதே நிலைதான். ரசாயனம் கொடுக்கும் முன் உடம்பைச் சுத்தம் செய்யாவிட்டால், அழுக்குத் துணியில் சாயம் ஏறாததுபோல் அது வீணாகும் என்கிறது அதே நூல். ஆகவே வரிசை முக்கியம். முதலில் காரணத்தை விலக்குதல், பிறகு செரிமானத்தைச் சீராக்குதல், தேவையென்றால் வமனம், விரேசனம் போன்ற சோதனம் (சுத்திகரிப்பு), அதன் பிறகு நோய் தணிக்கும் மருந்து, கடைசியில்தான் ஊட்டம். முடி வளர வேண்டும் என்ற அவசரத்தில் கடைசிப் படியில் தொடங்குவதால் பருவும் கூடி, முடியும் வராமல் போகிறது.

மாதவிடாய் பற்றிய கேள்வி

காசியப சம்ஹிதையில் ரேவதி கல்பம் என்னும் பகுதியில், மாதவிடாய் வந்தும் கருத்தரிக்காத, கன்னங்கள் தடித்து ரோமம் அடர்ந்த பெண்ணைப் பற்றிய குறிப்பு உண்டு. புஷ்பக்னி என்று அந்த நிலைக்குப் பெயர். இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் பலர் இதைப் பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நோய்க்குறித் தொகுப்போடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். ஒப்பீடு முழுதாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கருப்பையையும் கன்னத்தையும் ஒரே வரியில் சேர்த்துப் பார்த்த பார்வை அதில் இருக்கிறது.

பி.சி.ஓ.எஸ்.ஸை 1935-இல் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி மூன்றில் இரண்டு இருந்தால் இந்த நோய் எனக் கொள்ளலாம்: முறையற்ற கருமுட்டை வெளியீடு, ஆண்ட்ரஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பல நுண்கட்டிகள் கொண்ட சினைப்பை. வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

பருவும் முடி மெலிவும் ஒன்றாக வருவதற்கு இங்கே நேரான விளக்கம் கிடைக்கிறது. ஆண்ட்ரஜன் கூடினால் எண்ணெய்ச் சுரப்பி பெருக்கிறது, முகவாயில் முடி தடிக்கிறது, அதே ஹார்மோன் உச்சந்தலையில் வேர்க்கால்களைச் சுருக்குகிறது. இன்சுலின் மிகுந்தால் சினைப்பை இன்னும் ஆண்ட்ரஜன் சுரக்கும். நடை, உடற்பயிற்சி, இரவுத் தூக்கம், மாவும் இனிப்பும் குறைந்த உணவு என்று ஆயுர்வேதம் கபமும் மேதஸும் மிகுந்தவருக்குச் சொல்லும் ஒழுங்குகள் இந்த இடத்தில் நவீன ஆலோசனையோடு ஒத்துப்போகின்றன. சர்க்கரைச் சுமை குறைந்த உணவைப் பருவுக்காகச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. 12 வாரத்தில் பரு குறைந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 15 முதல் 25 வயது ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பெண்ணுக்கும் பி.சி.ஓ.எஸ். இருக்கும் என்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு இரண்டும் முடியைக் கொட்டவைக்கும் பொதுவான காரணங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்காமல் மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பது நேர விரயம். ஆயுர்வேதம் படித்த மருத்துவரே இவற்றை எழுதித் தருவார். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஆதாரமும் ஆபத்தும்

ஆய்வுகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1995-இல் வெளிவந்த ஒரு சோதனையில் நான்கு ஆயுர்வேத மருந்துகளைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். சுந்தர் வடி என்ற மாத்திரை மட்டும் பருக்களை நன்றாகக் குறைத்தது. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியிருக்கிறது. எலிக்கு வளர்ந்தது நமக்கும் வளரும் என்று கொள்ள முடியாது. மொத்தத்தில் ஆய்வுகள் சிறியவை, குறைவு.

ஆபத்தைப் பற்றி இன்னும் உறுதியாகப் பேசலாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சில மருந்துகளில் உலோகம் செய்முறையிலேயே உண்டு. பருவுக்கு அடிக்கடி கொடுக்கும் ஆரோக்கியவர்தினி வடியில் பாதரசமும் தாமிர பஸ்பமும் சேர்கின்றன. இந்தியச் சட்டப்படி அட்டவணை இ(1)-இல் உள்ள நச்சுப் பொருள் சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் அந்த மருந்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மூன்றே நாளில் முகத்தைப் பளபளக்க வைக்கும், பெயரில்லாத ‘மூலிகைக் களிம்பு’ என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் கஷாயம், பஸ்பம் எதையும் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற நவீன மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் ஆயுர்வேத மருந்தையும் சேர்த்தால் இரு மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும், கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது. மன அழுத்தத்துக்கென்று பரவலாக விற்கும் அஸ்வகந்தாவாலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். காசு அளவுக்கு வட்டமாக முடி போனால், ஆழமான கட்டிகள் குழி விழுந்து ஆறினால், 3 மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால், முகத்தில் திடீரென்று முடி அடர்ந்து குரலும் கனத்தால் உடனே தோல் மருத்துவரையோ மகளிர் மருத்துவரையோ பாருங்கள்.

மற்றபடி முதல் சந்திப்புக்குப் போகும்போது கடைசி ஆறு மாதத்தின் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள். இப்போது சாப்பிடும், தடவும் எல்லாவற்றின் பெயரும் வேண்டும், கருத்தடை மாத்திரை உட்பட. வகிட்டை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்தால் மருந்து வேலை செய்கிறதா என்ற வாதத்துக்கே இடமிருக்காது. பருவுக்கு மூன்று மாதம், முடிக்கு ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் அந்த மருந்தை ஏன் தொடர வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்கலாம்.